ஊழியம் செய்கிற தலைமை: சபைக் கமிட்டிக்குப் புதிதாக வந்த ஒரு தம்பிக்குச் சொன்னது

சபைக் கமிட்டித் தேர்தல் முடிந்து வந்த முதல் ஞாயிறு. ஆராதனையின் முடிவில் புதிய உறுப்பினர்களை முன்னால் வரவழைத்து ஆயர் ஜெபித்தார். "நீங்க அதிகாரிகள் இல்ல, ஊழியக்காரர்கள்" என்று இரண்டு முறை சொன்னார். வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, கமிட்டிக்கு முதல் முறையாகத் தேர்வாகியிருந்த தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான். களியக்காவிளைச் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிப் போகிற வண்டி ஓட்டுகிறவன். வயது இருபத்தாறு.

"சாரே, ஒரு சந்தேகம். ஊழியக்காரன்னா நான் என்ன செய்யணும்? கோயிலைப் பெருக்கணுமா, பெஞ்சு தூக்கிப் போடணுமா? அத போன வருஷமும் செய்தேனே. அப்போ கமிட்டிக்கு எதுக்கு வந்தேன்?"

முப்பது வருடமாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். இரண்டு முறை சபைச் செயலாளராகவும் இருந்திருக்கிறேன். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக என்னிடம் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு நின்றபடியே கொஞ்சம் சொன்னேன், அப்புறம் இரண்டு மூன்று சாயங்காலங்களில் உட்கார்ந்து பேசினோம். அவனைப் போலப் புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். இன்றைக்கு 'ஊழியம்' நமக்கு மரியாதையான சொல். ஊழியக்காரர் வீட்டுக்கு வருகிறார் என்றால் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறோம், இளநீர் வெட்டுகிறோம். நம்முடைய பூட்டன்மார் காலத்தில், திருவிதாங்கூர் ராஜாக்களின் ஆட்சியில் இருந்த இதே மண்ணில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. அரசாங்கத்துக்காகச் சுமை தூக்கவும் மற்ற வேலைகளுக்கும் கூப்பிட்ட நேரத்தில் போய் நிற்க வேண்டும். எல்லா ஜாதியாரும் போக வேண்டியதில்லை, தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தவர்கள்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாவது இதிலிருந்து விடுதலை வேண்டும் என்பது இங்கே புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களின் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது.

நம் தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லையேதான் இயேசுவின் வாயில் வைக்கிறது. மனுஷகுமாரன் "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" வந்தார் என்கிறது மாற்கு 10:45. ஊழியம் வாங்கிக்கொள்கிற எஜமான்களை மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு ஜனத்துக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். ராஜாவே வந்து சுமை தூக்கினார் என்று சொன்னது போல இருந்திருக்கும்.

இங்கிருந்துதான் நான் தொடங்கச் சொல்வேன். ஊழியத் தலைமை என்ற போதனை அதிகாரம் கையில் இருக்கிறவருக்குச் சொல்லப்பட்டது. அதிகாரம் உள்ளவர் தானாக விரும்பி இறங்கினால் அது இயேசு சொன்ன ஊழியம். அதிகாரமே இல்லாத ஒருவரைப் பார்த்து "தாழ்மையாக இரு, இது ஊழியம்தானே" என்று நாம் சொன்னால், அது பழைய திருவிதாங்கூர் ஊழியம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் செயலாளராக இருந்த ஒரு வருடம் கோயில் மதில் கட்டினோம். பணம் போதவில்லை. மணியடித்து, விளக்குப் போட்டு, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த பாட்டாவுக்கு மூன்று மாதச் சம்பளம் நின்றுபோனது. அவர் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "பாட்டா, கர்த்தருடைய வேலைதானே, கொஞ்சம் பொறுங்க" என்று சொன்னது நான்தான். மதில் கட்டிய கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி பாக்கியில்லை, வெளியாள் ஆயிற்றே. பாட்டாவிடம் மட்டும் எங்களுக்குப் பொறுமை கேட்க முடிந்தது. அவரால் எங்களை எதிர்த்துப் பேச முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது, மருந்துச் சீட்டு அப்படியே மடித்து சுவரில் செருகியிருந்ததைப் பார்த்தேன். அந்தச் சீட்டை என்னால் மறக்க முடியவில்லை. ஊழியத் தலைமை பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அதைப் பார்த்த பிறகு கற்றதுதான்.

இயேசு சொன்னதும் செய்ததும்

மாற்கு பத்தாம் அதிகாரத்தில் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வந்து, மகிமையில் வலது பக்கமும் இடது பக்கமும் எங்களுக்கு வேண்டும் என்று கேட்கிறார்கள். மத்தேயு எழுதும்போது அவர்களுடைய தாய் வந்து கேட்டதாக எழுதுகிறார். மற்றப் பத்துப் பேருக்கும் எரிச்சல். ஏன் எரிச்சல்? அவர்கள் மனதிலும் அதே ஆசை இருந்தது, இவர்கள் முந்திக்கொண்டார்கள். சபைத் தேர்தலில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இயேசு அவர்களை விரட்டவில்லை. பெரியவனாக வேண்டும் என்ற ஆசையே பாவம் என்றும் சொல்லவில்லை. புறஜாதியாரின் அதிகாரிகள் ஜனங்களை இறுமாப்பாய் ஆளுகிறார்கள், "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது" என்று சொல்லிவிட்டு, பெரியவனாக இருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்கிறார். மூல கிரேக்கத்தில் இந்த இடத்தில் இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று டியாக்கொனொஸ். பந்தியில் பரிமாறுகிற ஆள் என்ற பொருளிலும் வழங்கிய சொல் அது. நம் சபைகளில் 'டீக்கன்' என்கிறோமே, அது இதிலிருந்து வந்ததுதான். அடுத்த வசனத்தில் வருவது டூலொஸ், அதாவது அடிமை. படி இன்னும் கீழே இறங்குகிறது.

யோவான் 13-இல் சீஷர்களின் கால்களைக் கழுவி அதைச் செய்தே காட்டுகிறார். பெரிய வியாழனில் இதை எல்லாரும் வாசிக்கிறோம், பல சபைகளில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துக் கால் கழுவுகிற சடங்கும் நடக்கிறது. பழக்கமான கதை என்பதால் அதில் உள்ள சில விஷயங்கள் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

அவர் மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சீலையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வேலைக்கு இடைஞ்சலானதை முதலில் கழற்றினார். நாம் பலமுறை மேல்வஸ்திரத்தோடேயே கால் கழுவப் பார்க்கிறோம். உதவி செய்வோம், ஆனால் போட்டோ வேண்டும், நோட்டீசில் பெயர் வேண்டும், கல்வெட்டில் 'உபயம்' வேண்டும்.

கழுவி முடித்த பிறகு அவர் திரும்பவும் வஸ்திரத்தை உடுத்திக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து, "நீங்கள் என்னைப் போதகரென்றும், ஆண்டவரென்றும் சொல்லுகிறீர்கள், நீங்கள் சொல்லுகிறது சரியே" என்றார். தன் பொறுப்பை அவர் மறுக்கவில்லை. ஊழியத் தலைமை என்றால் தலைமையையே விட்டுவிடுவது என்று நினைக்கிறவர்கள் இந்த வசனத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். "நான் சாதாரண ஆள், எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் ஒதுங்கிக்கொள்கிற பொருளாளரைத் தாழ்மையானவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் ஒதுங்கிய இடத்தில் வேறு யாரோ வந்து உட்காருவார்.

மூன்றாவது பேதுரு. என் கால்களை ஒருக்காலும் கழுவக் கூடாது என்கிறான். கேட்க பக்தியாக இருக்கிறது. இயேசுவோ, கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்கிறார். அடுத்தவருடைய உதவியை வாங்கிக்கொள்ளத் தெரியாதவரால் அடுத்தவருக்குச் சரியாக உதவவும் முடியாது. எல்லாருக்கும் ஓடுவார், தனக்கு ஒன்று என்றால் வாயைத் திறக்கமாட்டார், இப்படிப்பட்ட பல நல்ல ஆயர்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுக்கிற இடத்தில் மட்டுமே இருக்கப் பழகிவிட்டால் மற்றவர்கள் எப்போதும் வாங்குகிற இடத்திலேயே இருந்துவிடுவார்கள்.

எருசலேமில் ஒரு மொழிப் பிரச்சினை

இனி நான் மிகவும் விரும்பிப் பேசுகிற பகுதிக்கு வருகிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம். தமிழ்நாடு-கேரள எல்லையில் வாழ்கிற நமக்காகவே எழுதியது போல இருக்கும்.

நம் ஊரின் நிலைமை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைப் பக்கம் கேரளத்தில் நின்றது. 1959-இல் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையிலும் கன்னியாகுமரி தனிப் பேராயமானது. கோடு போட்டாகிவிட்டது, ஆனால் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு கோட்டுக்கு அந்தப் பக்கம், அம்மாவின் கல்லறை இந்தப் பக்கம். பாறசாலைச் சுற்றுவட்டாரத்தில் ஒரே கோயிலில் தமிழும் மலையாளமும் பேசுகிறவர்கள் பக்கத்து பக்கத்து பெஞ்சில் உட்காருகிறோம். பாட்டு ஒரு மொழியில், பிரசங்கம் இன்னொரு மொழியில் என்று நடக்கும். அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் அறிவிப்பு எந்த மொழியில் வாசிக்கப்படுகிறது, கமிட்டி எந்த மொழியில் பேசுகிறது என்பதில் யாரோ எப்போதும் கொஞ்சம் வெளியே நிற்கிறார்கள்.

எருசலேம் சபையிலும் இரண்டு மொழிக்காரர்கள் இருந்தார்கள். எபிரெயர் என்று சொல்லப்பட்ட உள்ளூர்க்காரர்கள் ஒரு பக்கம், வெளியிடங்களிலிருந்து வந்து கிரேக்கம் பேசிய யூதர்கள் இன்னொரு பக்கம். தினமும் விதவைகளுக்கு உதவி பங்கிடும்போது கிரேக்கம் பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது.

அப்போஸ்தலர்கள் என்ன செய்யாமல் இருந்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். "சபையில் முறுமுறுக்கக் கூடாது" என்று பிரசங்கம் பண்ணவில்லை. "அதெல்லாம் சரியாகத்தான் கொடுக்கிறோம்" என்று மழுப்பவில்லை. புகார் சொன்னவர்களின் பெயரைத் தேடவும் இல்லை. சபையார் எல்லாரையும் கூப்பிட்டு, நற்சாட்சி பெற்ற ஏழு பேரை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள்.

சபை தெரிந்துகொண்ட ஏழு பெயர்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! அந்தக் காலத்தில் யூதர்களில் சிலர் கிரேக்கப் பெயர் வைத்துக்கொள்வது உண்டு. இருந்தாலும் ஏழில் ஏழும் அப்படி அமைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. விடுபட்டுப்போன கூட்டத்தின் கையிலேயே பங்கிடுகிற கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஆள் நாலு, உங்கள் ஆள் மூன்று என்று பேரம் பேசவில்லை. ஊழியத் தலைமைக்கு ஓர் உதாரணம் சொல்லச் சொன்னால் கால் கழுவிய காட்சிக்கு அடுத்தபடியாக நான் இதைத்தான் சொல்வேன்.

தம்பிக்கு இதைச் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மருத்துவ உதவி விஷயம் போல, இல்லியா சாரே?" என்றான். ஆமாம். சில வருடங்களுக்கு முன் சபையில் மருத்துவ உதவிக்கு விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வாசித்தோம். மலையாளத்தில் மட்டும் வாசித்தோம். நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் மலையாளம். வந்த விண்ணப்பங்களில் ஒன்றுகூட ரப்பர் தோட்டத்துப் பக்கத்திலிருந்து வரவில்லை. அங்கே இருக்கிற வயதான அம்மாமார் தமிழ் எழுத்தையே கூட்டித்தான் வாசிப்பார்கள். "அவங்களுக்குத் தேவையில்லபோல" என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார், நாங்கள் தலையாட்டினோம். யாரும் யாரையும் வேண்டுமென்று விலக்கவில்லை. எருசலேமிலும் அப்படித்தான் நடந்திருக்கும்.

பார்க்கிற கண்

ஊழியத் தலைவருக்கு வேண்டிய குணங்களில் முதலாவது எது என்று கேட்டால், தாழ்மை என்று பலர் சொல்வார்கள். நான் கவனிப்பு என்பேன். தாழ்மையான முகத்தோடு எதையும் கவனிக்காமல் இருக்க முடியும். ஆனால் ஒருவரை உண்மையாகக் கவனித்துவிட்டால் நம்முடைய பெருமை தானாகவே கொஞ்சம் குறையும்.

நெய்யூர் ஆஸ்பத்திரியை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. லண்டன் மிஷன் 1838-இல் தொடங்கிய மருத்துவப் பணி. ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1922-இல் எவரெஸ்ட் ஏறுகிற குழுவோடு வந்தவர். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது நெய்யூருக்கும் வந்தார். காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும் அவர்களைப் பார்க்கப் போதாத மருத்துவர்களையும் கண்டார். லண்டனில் அவருக்கு நல்ல எதிர்காலம் இருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூரில் வேலைக்குச் சேர்ந்தார், 1924-இல் மறுபடி எவரெஸ்டில் 28,000 அடி அளவுக்கு ஏறிவிட்டு இங்கேயே திரும்பி வந்தார். பல்லாயிரம் பேர் வந்து போகிற ஆஸ்பத்திரி வாசலை அவரும் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். நின்று பார்த்தார், அதுதான் அவரைப் பிடித்து நிறுத்தியது.

நம் அளவில் இது மிகச் சின்ன விஷயங்களில் தொடங்கும். ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் நாங்கள் ஐந்தாறு பேர் வாசலில் ஒரே வட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்போம். அந்த வட்டத்துக்கு முதுகுப்புறமாக யார் கடந்து போகிறார்கள்? யார் மூன்று வாரமாக வரவில்லை? அறுப்பின் பண்டிகையில் வாழைக்குலையும் சேவலும் ஏலம் போகும்போது சத்தமாகக் கேட்கிறவர்களை எல்லாரும் பார்க்கிறோம். மரச்சீனிக் கிழங்கு நாலு கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏலம் கேட்கப் பணமில்லாமல் பின்னால் நிற்கிறவரைப் பார்க்கிறவர் எனக்குத் தலைவராக இருந்தால் நன்றாக இருக்கும்.

கேட்கிற காதும் இதோடு சேர்ந்ததுதான். துக்க வீட்டுக்குப் போய்ப் பத்து நிமிடம் ஜெபித்துவிட்டு ஐந்து நிமிடம் ஆறுதல் வசனம் சொல்லிவிட்டு வருகிறோம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் அந்த வீட்டுக்காரர்கள் எத்தனை வார்த்தை பேசினார்கள் என்று திரும்பி வரும் வழியில் எண்ணிப் பார்க்கலாம்.

பணம்

காணிக்கைப் பணத்தைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை, விஷயம் தெளிவானது. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாக எடுத்துப் போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரும் கூடப் போனார். இவ்வளவு பெரிய தொகையில் யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்லாமல் மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் காரணமும் சொல்கிறார். பவுலே தனியாகக் கையாளத் துணியாத பணத்தை நாம் தனியாகக் கையாள வேண்டாம். இரண்டு பேர் எண்ண வேண்டும், ரசீது வேண்டும், கணக்கை எல்லாருக்கும் புரிகிற மொழியில் வாசிக்க வேண்டும். "என்னை நம்பமாட்டீங்களா?" என்று பொருளாளர் கோபித்துக்கொண்டால், அந்தக் கோபத்துக்காகக் கணக்குப் புத்தகத்தை மூடிவிடக் கூடாது.

கொடுத்துவிட்டுப் போவது

ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர், ஒரு பெரிய தொலைபேசி நிறுவனத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். நிர்வாகப் படிப்புகளில் ஊழியத் தலைமை என்ற பேச்சு பரவியது அதற்குப் பிறகுதான். அவர் வைத்த சோதனை எனக்குப் பிடித்தது: உன்னிடம் சேவை பெற்றவர்கள் வளர்ந்திருக்கிறார்களா, முன்னைவிடச் சுதந்திரமாகச் சொந்தக் காலில் நிற்கிறார்களா, அவர்களும் அடுத்தவருக்கு ஊழியம் செய்கிறவர்களாக மாறுகிறார்களா? சமுதாயத்தின் கடைசிப் படியில் இருப்பவருக்கு என்ன ஆயிற்று?

இந்தச் சோதனையை நம் ஊர்ச் சரித்திரத்தில் வைத்துப் பார்க்கலாம். மயிலாடிக்காரரான மகாராசன், கோயில் யாத்திரையாகச் சிதம்பரம் போய்த் திரும்புகிற வழியில் தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். இந்த மண்ணில் சீர்திருத்தச் சபைக்கு முதல் விதை அவர்தான், மிஷனரி இல்லை. அவருடைய அழைப்பின் தொடர்ச்சியாக ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் மிஷனரி 1806-இல் மயிலாடிக்கு வந்தார். 1809-இல் அங்கே கோயில் எழும்பியது. ரிங்கல்தௌபே சம்பளத்தை ஏழைகளுக்கே கொடுத்துவிட்டு எளிமையாக வாழ்ந்தவர் என்று சொல்வார்கள். 1816-இல் உடல்நலம் கெட்டு அவர் கிளம்பியபோது சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அடுத்த மிஷனரி மீட் 1818-இல் வந்து சேரும்வரை சபைகளை நடத்தியது வேதமாணிக்கம். ஒடுக்கப்பட்ட ஜாதியில் பிறந்த ஒருவரின் கையில் அந்தக் காலத்தில் அவ்வளவு பொறுப்பு. அவர் தாங்கினார், சபை கலைந்துபோகவில்லை.

நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்றுக்கொடுத்ததும் இந்த வகைதான். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே அந்தப் பின்னல் வேலையில் கிடைத்த கூலியால் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்காக ஜெபித்ததோடு நிறுத்தியிருந்தால் அது நடந்திருக்காது. கையில் ஒரு தொழிலைக் கொடுத்தார்.

நம் சபைகளில் பல நல்லவர்கள் சறுக்குகிற இடம் இது. இருபது வருடமாக ஒருவரே ஞாயிறு பள்ளித் தலைவர். உண்மையாக உழைக்கிறார், சொந்தப் பணத்தைச் செலவழிக்கிறார், ஆனால் சாவியை மட்டும் யாரிடமும் கொடுப்பதில்லை. "பிள்ளைகளுக்குப் பொறுப்பு இல்ல" என்பார். சாவி கையில் கிடைத்தால்தானே பொறுப்பு வரும்? அவர் இல்லாமல் போகிற நாளில்தான் அவருடைய தலைமையின் உண்மையான அளவு தெரியவரும். வேதமாணிக்கம் போல ஒருவர் அவருக்குப் பின்னால் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

இல்லை என்று சொல்வதும் ஊழியம்தான்

தம்பிக்கு ஒரு பயம் இருந்தது. "ஊழியக்காரன்னா யாரு என்ன சொன்னாலும் சரின்னு கேக்கணுமே சாரே?" என்றான். வேண்டாம். கப்பர்நகூமில் ஜனங்கள் எல்லாரும் தேடிக்கொண்டிருந்தபோது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று இயேசு கிளம்பிவிட்டார். யாக்கோபும் யோவானும் கேட்ட நாற்காலியையும் அவர் கொடுக்கவில்லை. ஊழியக்காரர் பார்ப்பது தேவையை, எல்லாருடைய ஆசையையும் அல்ல. தன் மகன் கல்யாணத்துக்காகக் கோயில் ஹாலில் வேறொருவரின் பதிவை மாற்றச் சொல்லி வசதியானவர் கேட்டால், பணிவாக முடியாது என்று சொல்வது ஹாலை முதலில் பதிந்த ஏழை வீட்டுக்குச் செய்கிற ஊழியம். ஒருவர் தப்பு செய்தால் அவரிடம் தனியாகப் போய்ப் பேசுவதும் அதில் சேரும். ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் அவரிடம் போவதுதான் நமக்குப் பழக்கமாகியிருக்கிறது.

ஓய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோசே காலை முதல் சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்த்ததைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீர் செய்கிறது நல்லதல்ல, நீரும் ஜனங்களும் களைத்துப்போவீர்கள் என்று நேராகச் சொன்னார். வேலையைப் பகிர்ந்து கொடுக்க வழியும் சொன்னார். நம் ஆயர்களின் வீடுகளிலும் அப்படிச் சொல்ல ஆள் வேண்டும். ஆயரின் மனைவியைச் சம்பளமில்லாத இரண்டாவது ஊழியராகச் சபை நினைத்துக்கொள்வதையும் நாம் யோசிக்க வேண்டும். அந்த அம்மாவிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. முதலில் சொன்னேனே பழைய ஊழியம், அது இந்த வாசல் வழியாகவும் உள்ளே வருகிறது.

சரி, தம்பி என்ன செய்தான்?

முதல் கமிட்டிக் கூட்டம் வழக்கம்போல வியாழக்கிழமை இரவு எட்டரைக்கு என்று செய்தி வந்தது. எத்தனையோ வருடமாக அதே நேரம்தான். கூட்டத்தில் அவன் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டான். "கமிட்டியில ரெண்டு அக்காமார் இருக்காங்க. ராத்திரி எட்டரைக்கு அவங்க எப்படி வருவாங்க? போன கமிட்டியில இருந்தவங்க எத்தன கூட்டத்துக்கு வந்தாங்க?" செயலாளர் பழைய மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். வருடம் முழுவதும் ஒரு கூட்டத்திலும் பெண்கள் கையெழுத்து இல்லை.

அடுத்த கூட்டத்தை ஞாயிறு ஆராதனை முடிந்த உடனே வைத்தோம். கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்தது தம்பி. அதில் ஓர் அக்கா, கமிட்டிக்கு இரண்டாவது முறையாக வந்திருப்பவர், முதல் முறையாக வாய் திறந்து பேசினார். பெண்கள் பக்கத்துக் கழிவறையில் நாலு மாதமாகத் தண்ணீர் வரவில்லையாம். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. மறுநாள் காலையில் பிளம்பர் வந்தார்.